மறுமொழி: வெல்டிங் 'எர்த்து கேபிள்' - தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

> எர்த்து என்றால் புவிதானே? 'புவிவடம்' என்று போட்டுவிடலாம்.

இதில்தான் எனக்கு உடன்பாடில்லை. பட்டறையில் எல்லோரும் எர்த்து என்கிறோம்; நானும் அப்படிச் சொல்லியே பழகியவன். ஆனால் அந்த வடத்தின் வேலைக்கும் பூமிக்கும் சம்பந்தம் கிடையாது. வெல்டிங் குச்சியைப் பிடிக்கிற ஹோல்டர் வழியாக ஜாப்புக்கு (வெல்டிங் செய்கிற இரும்புக்கு) போன 150, 200 ஆம்பியர் கரண்ட் திரும்ப மெஷினுக்கு வந்து சேரும் வழி அது. மெஷினின் உடம்பைத் தொட்டால் ஷாக் அடிக்காமல் காக்க இன்னொரு பச்சை ஒயர் இருக்கிறதே, அதுதான் அசல் எர்த்து. 'புவிவடம்' என்று வைத்தால், இருக்கிற குழப்பத்துக்குத் தமிழில் பட்டா எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும்.

பெயரில் என்ன இருக்கிறது என்பீர்கள். ஹோல்டர் பக்கத்து கேபிள் லேசாகக் கிழிந்தாலே மாற்றுகிறவர்கள், இதை மட்டும் 'எர்த்துதானே' என்று விட்டுவிடுகிறார்கள். நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில் ஜாப்பைக் கவ்வும் கிளாம்பை ஒட்டிய லக்கில் (கேபிள் முனையில் அழுத்தி மாட்டும் உலோகத் துண்டு) பாதி செம்பு இழைகள் அறுந்து, மிச்சமும் கறுத்துக் கிடந்தது. தொட்டால் கை சுடும். அந்த இடத்தில் தடை 0.01 ஓம்தான் என்று வைத்தாலும், 200 ஆம்பியரில் 400 வாட் சூடு. இஸ்திரிப் பெட்டியில் பாதி! ஒருநாள் மிச்ச இழைகளும் விட்டுப்போயின. பழைய மெஷின், இந்தக் கேபிள் மாட்டும் முனையை மெஷினின் உடம்போடும் சேர்த்து வைத்திருந்தார்கள். ஜாப் மேல் சும்மா கிடந்த கிரைண்டரின் எர்த்து ஒயர் வழியாகக் கரண்ட் திரும்பியது. ஒயர் புகைந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

அப்புறம் செய்தது எளிய வேலைதான். மெயினை அணைத்து, பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டி, அளவான லக் போட்டு அழுத்தினோம். ரப்பர் உறை பல இடத்தில் வெடித்திருந்தால் டேப் சுற்றிப் பயனில்லை, கேபிளையே மாற்ற வேண்டும். நடுவில் ஒட்டுப் போட்டே ஆகவேண்டுமென்றால் உறையுள்ள கனெக்டர்தான். ஹோல்டரிலிருந்து 10 அடிக்குள் சாதாரண ஒட்டு கூடாது என்பது அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி. (இந்த 'ஒட்டு'க்கும் ஒரு சொல் வேண்டும். 'ஜாயிண்ட்' என்றால் வெல்டிங் ஜாயிண்டோடு மோதுகிறது. தனிப் பதிவில் பேசுவோம்.)

சரி, என் பரிந்துரை: மீள்வடம். சுடுநீர், ஊறுகாய் போல வினைத்தொகை. மீண்ட, மீள்கிற, மீளும் வடம். கிளாம்புக்குக் 'கவ்வி' போதும்.

> ஏசி மெஷினில் திசை மாறிக்கொண்டே இருக்குமே, எது போகிறது, எது மீள்கிறது?

நியாயமான கேள்வி. 50 ஹெர்ட்ஸில் நொடிக்கு 100 முறை திசை மாறும். அதற்காக, ஜாப்போடு சேரும் வடம் என்ற பொருளில் 'பணிவடம்' என்று வைக்கலாம்தான். ஆனால் அதைக் கேட்கிற வெல்டருக்கு எதுவும் புரியாது. சுற்று முடிய வேண்டும் என்பதை 'மீள்' சொல்லிவிடுகிறது. கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை என்பது என் கட்சி.

நேற்று பக்கத்துப் பட்டறைத் தம்பியிடம் "மீள்வடத்தைப் பார்த்து மாட்டுப்பா" என்றேன். "மீள்வடமா? எங்க மீளுதுண்ணே?" என்றான். எர்த்து என்று சொன்ன நாளில் அவன் இப்படிக் கேட்டதே இல்லை.