எலியின் வயிற்றில் புண் குறைந்தால் அது மருந்தின் வேலைதானா? அல்சர் பரிசோதனை அனுபவங்கள்

பதிவு 1: மருந்தியல்

எம்.ஃபார்ம் ஆய்வேடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் முடிக்கிறார்கள்: மூலிகைச் சாறு கொடுத்தோம், புண் குறைந்தது, ஆகவே சாறு காக்கிறது. அந்த "ஆகவே"யில்தான் சிக்கல். மருந்தே இல்லாமலும் புண் குறைய எத்தனையோ வழி உண்டு. அவரவர் வேலையில் பார்த்ததை இங்கே எழுதுங்கள். எல்லோரும் முதலில் கை வைக்கும் எத்தனால் முறையிலிருந்து, அதாவது ஆல்கஹால் கொடுத்துப் புண் உண்டாக்கும் முறையிலிருந்து, தொடங்குகிறேன்.

விஸ்டர் என்ற ஆய்வக இன எலி, 180 முதல் 200 கிராம். 24 மணி நேரம் பட்டினி, தண்ணீர் மட்டும் உண்டு. டோஸுக்கு 1 மணி நேரம் முன்பு தண்ணீரையும் எடுத்துவிட வேண்டும். கூண்டின் அடியில் கம்பி வலைத் தட்டு கட்டாயம். மரத்தூள் மேலேயே விட்டால் பசியில் எலி தூளையும் தன் புழுக்கையையும் தின்னும், வயிறு காலியாக இருக்காது. உணவு கிடக்கும் இடத்தில் எத்தனால் சரியாகப் படாது, புண்ணும் விழாது. மருந்துக் குழுவில் இப்படி இரண்டு எலி இருந்தாலே சராசரி கெட்டுவிடும்.

சாறு கொடுத்து 1 மணி நேரம் கழித்து, 1 மி.லி. சுத்த எத்தனாலை வாய்வழிக் குழாயில் செலுத்துங்கள். அடுத்த 1 மணி நேரத்தில், நெறிக்குழு அனுமதித்த முறையில் எலியைக் கொன்று இரைப்பையை எடுக்க வேண்டும். உடனே கத்தரியால் திறக்காதீர்கள். இரு முனையையும் கட்டி, 8 முதல் 10 மி.லி. 2 சதவீத ஃபார்மலினை உள்ளே ஏற்றி 10 நிமிடம் விடுங்கள். மடிப்புகள் விரிந்து கொடுக்கும். அதன் பிறகு பெரிய வளைவு வழியாக வெட்டி, உப்புநீரில் அலசி, தக்கைப் பலகையில் குண்டூசி குத்தி விரிக்கலாம். ஃபார்மலின் ஏற்றாமல் திறந்தால் கருஞ்சிவப்புக் கோடுகளில் பாதி மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும்.

நீளம், அகலத்தை மி.மீ. கணக்கில் அளந்து பரப்பைக் கூட்டுங்கள். அல்லது பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து இமேஜ்ஜே மென்பொருளில் போடுங்கள். அளப்பவருக்கு எந்த எலி எந்தக் குழு என்று தெரியவே கூடாது. அட்டையில் எண் மட்டும் இருக்கட்டும், எண்ணைப் போடுபவர் வேறொருவராக இருக்கட்டும். 0, 1, 2, 3 என்று மதிப்பெண் போடும் முறையில் இது இன்னும் முக்கியம். 1-க்கும் 2-க்கும் நடுவில் தயங்கும்போது கை தானாகவே சாறு கொடுத்த எலிக்கு 1 போட்டுவிடும்.

ஒப்பீட்டு மருந்தாக எல்லோரும் ரானிடிடினையே போடுகிறார்கள். சுத்த எத்தனால் ஏற்படுத்தும் சேதம் அமிலத்தை நம்பி நடப்பதில்லை. அதனால் அமிலத்தைக் குறைக்கும் மருந்து இங்கே பலவீனமாகத்தான் தெரியும், அதன் பக்கத்தில் எந்தச் சாறும் பிரமாதமாகத் தெரியும். ஆய்வாளர் ஆந்த்ரே ராபர்ட் 1979-இல் காட்டியதே இதுதான்: உடலே சுரக்கும் ஒரு பொருளான ப்ரோஸ்டகிளாண்டின், அமிலத்தைக் குறைக்காத அளவிலேயே சளிப்படலத்தைக் காத்தது. எத்தனால் முறைக்கு மிசோப்ரோஸ்டால் (ப்ரோஸ்டகிளாண்டின் வகை) அல்லது சுக்ரால்ஃபேட் (புண் மேல் பூச்சாகப் படியும் மருந்து) போடுங்கள். அமிலத்தைக் குறைக்கும் ரானிடிடின், ஒமிப்ரசோல் எல்லாம் இண்டோமெத்தசின் என்ற வலிநிவாரணி கொடுத்துப் புண் உண்டாக்கும் முறைக்கும், பைலோரஸ் (இரைப்பையின் கீழ்வாய்) கட்டும் முறைக்கும் பொருத்தம்.

பதிவு 2: மூலிகை வேதியியல்

சார் எழுதியதோடு சாறு தயாரிப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பொய்ப் பாதுகாப்பு பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

ராபர்ட் குழுவே 1983-இல் இன்னொன்றையும் காட்டியது. 20 சதவீத எத்தனால் போன்ற லேசான எரிச்சலூட்டியை முதலில் கொடுத்தால், பின்னால் வரும் சுத்த எத்தனால் புண் குறைகிறது. வயிறு தானே ப்ரோஸ்டகிளாண்டினைச் சுரந்து தயாராகிவிடுகிறது. ஆல்கஹாலில் இறக்கிய சாற்றைச் சரியாக உலர்த்தாமல் கொடுத்தால் நடப்பதும் இதுவேதான். ரோட்டரி எவாப்பரேட்டரில் 45 டிகிரிக்குள் வடித்து, பிறகு வெற்றிட டெசிகேட்டரில் வையுங்கள். அடுத்தடுத்த இரண்டு எடையும் ஒன்றாக வரும்வரை எடுக்காதீர்கள். தொட்டால் பிசுபிசுக்கும் சாற்றில் கரைப்பான் மிச்சம் இருக்கலாம்.

கொடுக்கும் கனஅளவும் ஏமாற்றும். 200 கிராம் எலிக்கு கிலோவுக்கு 10 மி.லி. என்றால் 2 மி.லி. கெட்டிக் குழம்பு. அதில் 1 மி.லி. வயிற்றிலேயே தங்கியிருந்தாலும், நீங்கள் செலுத்தும் 1 மி.லி. எத்தனால் ஏறத்தாழ 50 சதவீதமாக நீர்த்துவிடும். கிலோவுக்கு 5 மி.லி.-க்கு மேல் போகாதீர்கள். கன்ட்ரோல் குழுவுக்கும் (சாறு கொடுக்காத ஒப்பீட்டுக் குழு) அதே 0.5 சதவீத சி.எம்.சி. (சாற்றைக் கலக்க உதவும் கெட்டிப்பான்) கரைசல், அதே கனஅளவு, முடிந்தால் அதே கெட்டித்தன்மை. கரையாத புதுச் சேர்மத்தை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்துக் கொடுப்பதும் ஆபத்து. டி.எம்.எஸ்.ஓ. தானே, திசுவைச் சேதப்படுத்தும் ஹைட்ராக்சில் ரேடிக்கலைப் பிடித்து வயிற்றைக் காக்கும்.

அடுத்தது டானின், அதாவது துவர்ப்புப் பொருள். கடுக்காய், மாதுளைத் தோல், கருவேலம்பட்டை எல்லாவற்றிலும் நிறைய உண்டு. அது மேற்பரப்புப் புரதத்தோடு சேர்ந்து இறுகி ஒரு பூச்சாக நிற்கும். அதையும் பாதுகாப்பு என்று சொல்லலாம், தவறில்லை. ஆனால் அதற்குப் பூச்சு என்றே பெயர் வையுங்கள். சோதிக்க எளிய வழி, அதே சாற்றை வயிற்றறை ஊசியாகவும் கொடுத்துப் பார்ப்பது. வாய்வழியில் மட்டும் காத்தால், சாறு நேரடியாகத் தொட்டுத்தான் வேலை செய்கிறது என்று சந்தேகிக்கலாம்.

மருந்து எந்த வழியில் காக்கிறது என்று தேட மூன்று தடுப்பான்களைத் தனித்தனிக் குழுக்களுக்கு முன்கூட்டியே கொடுப்பார்கள்: ப்ரோஸ்டகிளாண்டினை நிறுத்த இண்டோமெத்தசின் 10 மி.கி./கிலோ, நைட்ரிக் ஆக்சைடை நிறுத்த எல்-நேம் 70 மி.கி./கிலோ, சல்ஃபைட்ரில் தொகுதிகளை முடக்க என்-எத்தில்மாலியிமைடு 10 மி.கி./கிலோ. எதைக் கொடுத்தால் பாதுகாப்பு போகிறதோ அந்த வழி. ஒவ்வொரு தடுப்பானுக்கும் சாறு இல்லாத குழு ஒன்று வேண்டும், ஏனென்றால் தடுப்பானே புண்ணைக் கூட்டும். இந்தக் குழுவை விட்டுவிட்டு எழுதிய கட்டுரையைப் படித்தால் மனசு ஆறுவதில்லை. அத்தனை எலிகளும் வீண்.

பதிவு 3: மருந்தியல், பைலோரஸ் கட்டும் முறை

இந்த முறையை ஷே குழு 1945-இல் கொண்டுவந்தது. வயிற்றைத் திறந்து பைலோரஸை நூலால் கட்டி, 4 மணி நேரம் கழித்து, சுரந்து தேங்கிய இரைப்பை நீரை அளக்கிறோம். கட்டும்போது பக்கத்து இரத்தக்குழாய் நூலுக்குள் மாட்டினால் இரத்தம் நின்று வேறு விதமான சேதம் வரும். முடிச்சு தளர்ந்தால் இரைப்பை நீர் குடலுக்குள் நழுவி அளவு குறையும், அதை மருந்தின் பலன் என்று எழுதிவிடுவோம். எடுத்ததும் முதலில் முடிச்சைப் பாருங்கள். இரத்தமோ பித்தமோ கலந்த நீரைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மயக்க மருந்தும் முடிவை மாற்றும். சைலசின் என்ற மயக்க மருந்து ஆல்ஃபா-2 ஏற்பியைத் தூண்டும் வகை. அந்த வகை அமிலச் சுரப்பையே அடக்கும். ஐசோஃப்ளூரேன் கருவி இருந்தால் அதுவே மேல். எது கொடுத்தாலும் எல்லாக் குழுவுக்கும் ஒரே அளவு, ஒரே நேரம்.

சாற்றை வாய்வழி கொடுத்துவிட்டுக் கட்டினால் அது வயிற்றிலேயே அடைபட்டு நிற்கும். சாம்பல்சத்து மிகுந்த பொடி, சங்கு பற்பம், பலகறை பற்பம் எல்லாம் அமிலத்தை அங்கேயே நேரடியாகச் சமன் செய்துவிடும். சுரப்பு குறைந்ததா, சுரந்தது சமன் ஆனதா என்று பிரிக்கவே முடியாது. கட்டிய கையோடு முன்சிறுகுடலில் ஊசி வழியாகக் கொடுத்தால் இந்தக் குழப்பம் இல்லை.

அமிலக் கணக்கு: நீரை மையவிலக்கில் சுழற்றி, தெளிந்ததில் 1 மி.லி. எடுத்து, டாஃபர் காட்டி 2 சொட்டு விட்டு, 0.01 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்க்க வேண்டும். சிவப்பு போய் ஆரஞ்சு மஞ்சள் வந்தால் கட்டற்ற அமிலம். அதோடு ஃபீனால்ஃப்தலீன் சேர்த்து இளஞ்சிவப்பு வரும்வரை போனால் மொத்த அமிலம். கட்டுரைகளில் கன அளவு × நார்மாலிட்டி × 100 ÷ 0.1 என்று ஒரு சூத்திரம் சுற்றுகிறது. 100 ÷ 0.1 என்பது 1000 தான். 1 மி.லி. மாதிரிக்கு மட்டுமே அது சரி. 0.5 மி.லி. எடுத்தவர்கள் இதையே போட்டால் விடை பாதியாகிவிடும். சாற்றின் நிறம் காட்டியை மறைத்தால் பிஎச் மீட்டர் வைத்து 7 வரை தரம் பாருங்கள்.

இன்னொன்று. இந்த முறையில் புண் பெரும்பாலும் எலியின் முன்வயிற்றில் விழும். மேல்பகுதியில் வெளுத்து மெல்லியதாக, சுரப்பிகள் இல்லாமல் இருக்குமே, அது. மனிதனுக்கு அந்தப் பகுதி கிடையாது. சுரப்பு அளவுக்கு இம்முறையை நம்புங்கள், புண் எண்ணிக்கைக்குச் சுரப்பிப் பகுதியைத் தனியாக எழுதுங்கள்.

பதிவு 4: மருந்தாக்கவியல்

ஒமிப்ரசோல் பற்றிச் சுருக்கமாக. மாத்திரைக் கடையில் வாங்கிய கேப்சூலின் குருணையை நுணுக்கி சி.எம்.சி.யில் கலக்காதீர்கள். மேல்பூச்சு உடைந்து, மருந்து வயிற்று அமிலத்திலேயே சிதையும். 8.4 சதவீத சோடியம் பைகார்பனேட்டில் அன்றன்று கலக்க வேண்டும். கரைசல் ஊதாவாகவோ பழுப்பாகவோ மாறினால் கொட்டிவிடுங்கள். பைகார்பனேட்டும் அமிலத்தைச் சமன் செய்யும் என்பதால் அதற்கும் தனி கன்ட்ரோல் வேண்டும். ஒப்பீட்டு மருந்து செத்துப்போனால், சுமாரான சாறுகூட ஒமிப்ரசோலுக்குச் சமம் என்று அச்சாகிவிடும்.

பதிவு 5: நுண்ணுயிரியல், உயிர்வேதியியல்

வயிற்றுப் புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவுக்கு எலியை நம்ப வேண்டாம். விலங்கில் பார்க்க வேண்டுமென்றால் மங்கோலிய ஜெர்பில் என்ற சிறு கொறிணிதான் பழக்கம். தட்டில் பார்ப்பதென்றால் இரத்தம் சேர்த்த முல்லர்-ஹின்டன் அகார், குறைந்த ஆக்சிஜன், 37 டிகிரி, 3 நாள். டி.எம்.எஸ்.ஓ. 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இறைச்சிக் கூடத்திலிருந்து ஆட்டு இரைப்பை வாங்கி புரோட்டான் பம்பை (அமிலம் சுரக்க வைக்கும் நொதி) சோதிப்பவர்கள் கவனிக்க: அந்த நொதி வெளிவிடும் பாஸ்பேட்டைத்தான் மாலிப்டேட் நிறத்தால் அளக்கிறீர்கள், செடிச் சாற்றிலேயே பாஸ்பேட்டும் நிறமும் உண்டு. சாறு மட்டும் உள்ள வெற்றுக்குழாய் வைத்துக் கழியுங்கள். டானின் எந்த நொதியையும் பிடித்து முடக்கும். பாலியமைடு தூணில் ஓட்டி டானினை நீக்கிய பிறகும் தடுப்பு நிற்கிறதா என்று பாருங்கள்.

பதிவு 6: மருந்தியல்

கடைசியாக அதிமதுரம். 1946-இல் நெதர்லாந்து மருத்துவர் ரெவர்ஸ் அதன் சாற்றால் புண் ஆறுவதையும், நோயாளிகளுக்கு உடம்பு வீங்குவதையும் சேர்த்தே எழுதினார். அதன் வழியில் வந்த கார்பெனாக்சலோன் 1960-களில் பிரிட்டனில் மருந்தாகவே விற்றது. சிறுநீரகத்தில் கார்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் நொதியை இந்த வகை மருந்து தடுக்கிறது, உடலில் உப்பு தங்குகிறது, பொட்டாசியம் வெளியேறுகிறது. 1 மணி நேர எத்தனால் சோதனையில் இது எதுவும் தெரியாது.

ஆகவே ஒற்றை டோஸில் நல்ல முடிவு தந்த சாற்றை, அசிட்டிக் அமிலம் வைத்து உண்டாக்கிய நாள்பட்ட புண்ணிலும் 10 முதல் 14 நாள் கொடுத்துப் பாருங்கள். நோயாளி வருவது ஏற்கெனவே வந்த புண்ணோடுதான். அந்த நாள்களில் தினமும் எடை, குடித்த தண்ணீர், முடிவில் சீரம் சோடியம், பொட்டாசியம். இரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்து சீரம் சிவந்தால் அந்த மாதிரியை ஒதுக்கிவிடுங்கள். உடைந்த அணுக்களின் பொட்டாசியம் வெளியே கசிந்து, உண்மையான குறைவை மறைத்துவிடும்.