கிந்தனார் காலட்சேபத்தை மேடையில் போட ஆசை, யோசனை சொல்லுங்கள்

தோவாளைப்பூ:
சின்ன வயதில் ரேடியோவில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் பாட்டும் கதையுமாகச் சொல்லும் கிந்தனார் காலட்சேபம் வந்தால் தாத்தா சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் வந்து உட்கார்ந்துவிடுவார். அவர் சிரிப்பதைப் பார்த்து நாங்களும் சிரிப்போம், பாதி புரியாது. எங்கள் தெரு வாசகசாலை ஆண்டு விழாவில் அதை அரை மணி நேர நிகழ்ச்சியாகப் போட நினைக்கிறோம். போன வாரம் ஒத்திகையில் ரெக்கார்டை ஓடவிட்டு வாயசைத்துப் பார்த்தோம், சுத்தமாக எடுபடவில்லை. நாங்களே பாடலாம் என்றால், அவர் குரல் எல்லோர் காதிலும் இருக்கிறதே என்று பயம். யாராவது இப்படிப் பழைய சிரிப்புப் பாட்டை மேடையேற்றியிருக்கிறீர்களா?

பின்பாட்டு ரசிகன்:
ரெக்கார்டு வேண்டவே வேண்டாம். அது 1949இல் வந்த நல்லதம்பி படத்துக்காகப் பதிவானது, உங்கள் கூட்டம் சிரித்து முடிக்கும்வரை அது நிற்காது. காலட்சேபத்தில் கதை சொல்லும் பாகவதர் ஒரு வரியைச் சொல்லி நிறுத்த, பின்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாட, அந்த இடைவெளியில்தான் ஜனங்கள் சிரிப்பார்கள். ஆர்மோனியம், மிருதங்கம், கையில் தாளம் தட்டும் சிப்ளாக்கட்டை போதும். குரல் அவரைப் போல இருக்க வேண்டியதே இல்லை, முகத்தை மட்டும் பக்தியோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் குழுவில் நடித்து வளர்ந்த மனிதர் அவர், மேடைக்காரர். அவர் பாட்டும் மேடைக்குத்தான் பொருந்தும்.

ரேடியோப்பெட்டி:
பாதி புரியாது என்று சொன்னீர்களே, அதைக் கவனியுங்கள். இது கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தை வைத்துச் செய்தது. நந்தன் சிதம்பரம் போகத் தவிக்கிறான், கிந்தன் படிப்புக்காகப் பட்டணம் போகிறான், கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். முதல் கதை தெரியாத பிள்ளைகளுக்கு இரண்டாவது கதை வெறும் ராகமாகத்தான் கேட்கும். அதனால் முதல் ஐந்து நிமிடம் நந்தன் கதையை நேராகச் சொல்லிவிடுங்கள், அதை விளையாட்டாகச் சொல்லாதீர்கள். எங்கள் பள்ளியில் இதைச் செய்யாமல் போட்டோம், பெரியவர்கள் மட்டும் சிரித்தார்கள், பிள்ளைகள் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குடமும் வில்லும்:
உங்கள் பெயரில் தோவாளை இருக்கிறதே, நாஞ்சில் பக்கம் என்றால் வில்லுப்பாட்டாகப் போடலாமே? கலைவாணருக்காக சுப்பு ஆறுமுகம் வில்லுப்பாட்டு எழுதியிருக்கிறார். பாடுபவருக்குப் பதிலாக 'ஆமா' போடுகிற ஆள் நன்றாக அமைந்தால் பாதி வேலை முடிந்தது.

பின்பாட்டு ரசிகன்:
வில்லு எனக்கும் பிடிக்கும், ஆனால் இதற்கு வேண்டாம். கோயில் காலட்சேபத்தின் அதே தோரணையில் ரயிலும் பள்ளிக்கூடமும் வருவதுதான் இதன் அழகே.

தோவாளைப்பூ:
சரி, காலட்சேபமேதான், ரெக்கார்டு கிடையாது. நந்தன் கதையை அம்மா சொல்கிறேன் என்கிறார். அப்புறம், சிப்ளாக்கட்டை போடத் தெரிந்தவர் நாகர்கோவில் பக்கம் யாராவது இருந்தால் இங்கேயே சொல்லுங்கள், ஒத்திகைக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைதான் மிச்சம்.