மறுமொழி: பேக்-லேயரிங் – 'புகை எதிரேற்றம்' எனலாமா?

அன்பு நண்பர்களுக்கு,

சுரங்கச் சாலையில் தீப்பிடிக்கும்போது, விசிறிகள் தள்ளும் காற்றை எதிர்த்துப் புகை கூரையோரமாகத் திரும்பி வருவதை ஆங்கிலத்தில் 'பேக்-லேயரிங்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் வந்த ஒரு கருத்துக்கு இது பதில்:

> 'புகைப் பின்படலம்' என்றே வைத்துக்கொள்ளலாமே? மூலச்சொல்லுக்கு நேராக இருக்கிறது.

அந்த நேர்தான் சிக்கல், அக்கா. எதற்குப் பின்? தீக்கா, வண்டிக்கா, காற்றுக்கா?

நம் சிங்கப்பூரின் கேபிஇ (காலாங்–பாய லேபார் விரைவுச்சாலை) சுரங்கத்தையே எடுத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர் நிலத்தடியில் போகிறது. போக ஒன்று, வர ஒன்று எனத் தனித்தனிக் குழாய்கள்; ஒவ்வொரு குழாயிலும் போக்குவரத்து ஒரே திசைதான். நடுவில் ஒரு லாரி தீப்பிடித்தால் அதற்கு முன்னால் போன வண்டிகள் அப்படியே வெளியேறிவிடும். பின்னால் வந்தவைதான் வரிசையாக மாட்டிக்கொள்ளும். கூரையில் தொங்கும் தாரை விசிறிகள் (ஜெட் ஃபேன்) வண்டி போகும் திசையிலேயே காற்றைத் தள்ளி, மாட்டிக்கொண்டவர்கள் பக்கம் புகை வராமல் பார்த்துக்கொள்ளும். அந்தக் காற்றுக்கு வலுப் போதாவிட்டால், சூடான புகை கூரையை ஒட்டிக்கொண்டு காற்றையே எதிர்த்து அவர்களை நோக்கி வரும். முதலில் தலைக்கு மேலேதான் நிற்கும். ஆற ஆறக் கீழே இறங்கும். பெரிய தீயில் இதைத் தடுக்க நொடிக்குச் சுமார் 3 மீட்டர் வேகத்தில் காற்று வேண்டும்.

(இருவழிச் சுரங்கம் என்றால் கதையே வேறு. 1999இல் பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் மோன் பிளாங் சுரங்கத்தில் தீக்கு இருபுறமும் வண்டிகள் இருந்தன. 39 பேர் மாண்டார்கள்.)

அதனால் சொல்லில் 'படலம்' விட்டுப்போனாலும் பரவாயில்லை, 'எதிர்' விட்டுப்போகக் கூடாது. வைகையில் ஏடு எதிரேறியது என்கிறது திருவேடகத்துக் கதை. புதுவெள்ளத்தில் மீன் எதிரேறுவதையும் அப்படித்தான் சொல்கிறோம். வினை கைவசம் இருக்கிறது. 'எதிரேறு புகை', 'எதிரேற்ற நீளம்' (புகை எதிரேறி வரும் தூரம்) என்று சிரமமில்லாமல் கிளைக்கவும் செய்கிறது. 'பின்படல நீளம்' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்!

கிரிட்டிக்கல் வெலாசிட்டிக்கு, அதாவது புகை எதிரேறாமல் தடுக்கத் தேவையான குறைந்தபட்சக் காற்று வேகத்துக்கு, பாடநூல் வழக்கை ஒட்டி 'மாறுநிலைத் திசைவேகம்' இருக்கட்டும். அதைத் தொட வேண்டாம்.

அப்புறம், லாரியின் பின்தட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போகும் நம் தம்பிகளுக்கான துண்டறிக்கையில் இந்தச் சொற்கள் எதுவுமே வேண்டாம். 'மேலே புகை வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்; இறங்கி, ஓடும் மனிதன் படம் போட்ட கதவு வழியாக வெளியேறுங்கள்' என்றால் போதும். அந்தக் கதவுக்கு யாரோ 'தப்புவழி' என்று பரிந்துரைத்திருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம், தவறான வழி என்று நினைத்து ஒருவர் தீயை நோக்கியே திரும்பி ஓடுவார். 'அவசர வெளியேற்றக் கதவு' என்றே போட்டுவிடலாம்.