மறுமொழி: வயரிங்கில் மின்காப்பு குறைவதற்கு ஒரு சொல் – "காப்பு நலிவு"

குழுவினருக்கு வணக்கம். வயரைச் சுற்றியுள்ள மின்காப்பு (இன்சுலேஷன்) கெட்டு, அதன் தடை குறைந்துவிடும் பழுதுக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற நம் பேச்சுக்கு என் மறுமொழி இது.

> இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் ஃபால்ட் என்பதற்கு "மின்கசிவு" என்றே போட்டுவிடலாம். எல்லாருக்கும் புரிகிற சொல்தானே.

எல்லாருக்கும் புரிகிறது, ஆளுக்கொரு விதமாக. செய்தித்தாளில் "மின்கசிவால் தீ" என்று வரும். உள்ளே படித்தால் ஒரு இடத்தில் நடந்தது ஷார்ட் சர்க்யூட், இன்னொரு இடத்தில் லூஸ் கனெக்‌ஷன் சூடேறியது. இலங்கைச் செய்திகளில் "மின்னொழுக்கு" இதே வேலையைச் செய்கிறது. பத்திரிகைக்கு அது போதும். பழுது பார்க்கிறவர் கையில் கொடுக்கும் நூலில் அந்தத் தாராளம் ஆகாது.

மின்கசிவு என்பது ஓடுகிற மின்னோட்டம். நாம் பெயர் தேடுவது, அது ஓட இடம் கொடுத்த நிலைக்கு. இரண்டுக்கும் எவ்வளவு தொலைவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 230 வோல்ட் சர்க்யூட்டில் வயருக்கும் எர்த்துக்கும் இடையே 1 மெகா ஓம் இருந்தால் கசிவது 0.23 மில்லி ஆம்பியர். வீட்டில் மாட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கசிவு கூடினால் தானே விழுந்து மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச்), தர விதிப்படி 15 வரை விழக் கூடாது, 30-இல் விழுந்தே தீர வேண்டும். 15 மில்லி ஆம்பியர் கசிய வேண்டுமானால் தடை சுமார் 15 கிலோ ஓம் வரை இறங்கியிருக்க வேண்டும். அதாவது ஏற்கத்தக்க எல்லையான 1 மெகா ஓமை விட அறுபது மடங்குக்கு மேல் கெட்ட பிறகுதான் ஆர்சிசிபி வாய் திறக்கிறது. அதுவரை விளக்கு எரியும், ஃபேன் சுற்றும். இந்த நீண்ட இடைவெளிக்குத்தான் நம்மிடம் சொல் இல்லை.

இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் என்ற அளவுக்கான சொல்லை முதலில் முடித்துவிடலாம். "மின்காப்பு மின்தடை" என்று ஒரு பரிந்துரை வந்தது. தமிழ்நாட்டில் மின்தடை என்றால் நாளைக் காலை 9 மணிக்குக் கரண்ட் போகும் என்று பொருள்! பாடநூல் என்ன சொன்னாலும் தெருவில் அதுதான். "மின்காப்பு எதிர்ப்பு" என்பதிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. ஓம் கணக்கில் அளக்கிற எதையும் நாம் தடை என்றே படித்து வந்திருக்கிறோம், இங்கே மட்டும் ஏன் பிரிந்து போக வேண்டும்? "காப்புத்தடை" போதும். ஆனால் சேர்த்தே எழுத வேண்டும். "காப்புத் தடை" என்று பிரித்தால், காப்புக்கு வந்த தடை என்று தலைகீழாகப் படிக்க இடமுண்டு. காப்பு என்பது வளையல், காப்பீடு, காப்புரிமை, வெப்பக்காப்பு என்று ஏற்கெனவே பல வீட்டுக்கு வேலைக்குப் போகிற சொல். ஆகவே நூலில் முதல் முறை வரும்போது "மின்காப்புத்தடை" என்று முழுதாகப் போட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

காப்புத்தடை என்றதும் மாணவருக்கு வரும் குழப்பம் ஒன்று உண்டு. கலைக்களஞ்சியப் பதிவில் அதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். செம்புக் கம்பி நீள நீளத் தடை கூடும். காப்புத்தடையோ நீள நீளக் குறையும். காரணம், ஒவ்வொரு மீட்டரும் கசிவுக்கு இன்னொரு இணைவழி. 2 மெகா ஓம் காட்டும் இரண்டு சர்க்யூட்டைச் சேர்த்து அளந்தால் 1 தான் வரும். இந்தியத் தர நூல் ஐஎஸ் 732-இன் பழைய கணக்கும் இதைத்தான் காட்டியது: 50-ஐ பாயின்ட் (விளக்கு, பிளக் போன்ற இணைப்பிடம்) எண்ணிக்கையால் வகு, வருவது மெகா ஓமில் குறைந்தபட்ச அளவு, ஆனால் மொத்த நிறுவலுக்கு 1 மெகா ஓமுக்கு மேல் கேட்கத் தேவையில்லை. வெப்பத்திலும் அப்படியே எதிர்மாறு: சூடேறினால் செம்பின் தடை ஏறும், காப்பின் தடை இறங்கும்.

> எலக்ட்ரீசியன்கள் "எர்த் ஆகுது", "பாடி ஆயிடுச்சு" என்கிறார்கள். அதையே எடுத்துக்கொண்டால் என்ன?

நல்ல சொற்கள்தாம், பேச்சில் இருக்கட்டும். ஆனால் இரண்டும் மின்சாரம் எர்த்தையோ சாதனத்தின் உலோக உடலையோ எட்டி, காரியம் முடிந்துவிட்ட பிறகு சொல்பவை. 0.8 மெகா ஓம் காட்டும் சர்க்யூட்டைப் பார்த்து எந்த எலக்ட்ரீசியனும் "பாடி ஆயிடுச்சு" என்று சொல்ல மாட்டார். "லேசா ஈரம் ஏறியிருக்கு" என்பார். அந்த "லேசா"வைச் சுமக்கிற சொல் வேண்டும்.

என் முன்மொழிவு "காப்பு நலிவு". அகராதியில் தனியாக நிறுத்தி வைத்தால் எந்தச் சொல்லும் அழகாகத்தான் தெரியும். வேலைக்கு நடுவே விட்டுப் பார்ப்போம்.

அடைமழை நாளில் ஆர்சிசிபி நிற்க மாட்டேன் என்கிறது. வழக்கமாக என்ன செய்வோம்? எம்சிபிகளை (சர்க்யூட்டுக்கு ஒன்றாக இருக்கும் பிரேக்கர் சுவிட்சுகளை) ஒவ்வொன்றாக அணைத்து, எதை அணைத்தால் நிற்கிறது என்று பார்ப்போம். ஃபேஸ் பக்கக் காப்பு நலிந்திருந்தால் இது பிடித்துவிடும். நியூட்ரல் பக்கம் நலிந்திருந்தால் பிடிக்காது. வீடுகளில் பெரும்பாலும் ஒற்றைத் துருவ எம்சிபி. அது ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல், எல்லா நியூட்ரல்களும் சேரும் லிங்க்கில் தொங்கிக்கொண்டே இருக்கும். நியூட்ரல் பெரிய அளவில் எர்த்தைத் தொட்டுவிட்டால், அடுத்த அறையில் இஸ்திரிப் பெட்டி போட்டதும் அதன் மின்னோட்டத்தில் ஒரு பங்கு எர்த் வழியே திரும்பி, சம்பந்தமே இல்லாத சர்க்யூட்டின் மேல் பழி விழும். அரை நாள் தேடிவிட்டு "ஆர்சிசிபிதான் போச்சு, மாத்திடலாம்" என்பது பல நேரம் இந்த இடத்தில்தான்.

ஆகவே மெயினை அணைத்து, சப்ளை இல்லை என்று சோதித்து, நியூட்ரல்களை லிங்க்கிலிருந்து கழற்றி, சர்க்யூட் வாரியாக மெக்கர் (காப்புத்தடை அளக்கும் கருவி) வைக்க வேண்டும். மல்டிமீட்டர் உதவாது. அதன் சில வோல்ட்டுக்கு ஈரத் தூசியும் விரிசலும் அசைந்து கொடுக்காது. 500 வோல்ட் டிசியில்தான் நலிவு வெளிப்படும். சாதனங்களைப் பிடுங்கிவிட்டு, சுவிட்சுகளைப் போட்டு, ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து எர்த்துக்கு எதிராக அளப்பது நல்லது. இரண்டுக்கும் நடுவே 500 வோல்ட் போனால், கழற்ற மறந்த எல்இடி விளக்கின் டிரைவர் சர்க்யூட்டுக்கு ஆபத்து. நலிந்த சர்க்யூட் தெரிந்ததும் நடு ஜங்ஷன் பாக்ஸில் பிரித்து, எந்தப் பாதியில் நலிவு என்று அளந்து, மறுபடி அந்தப் பாதியைப் பிரித்துக்கொண்டே போகலாம். மொட்டைமாடிப் பாக்ஸ், கேட் விளக்கு, தளத்துக்குள் போகும் பைப் ஆகியவை முதல் சந்தேகப் பட்டியல்.

மேலே "நலிவு", "நலிந்த" என்று எத்தனையோ இடத்தில் போட்டுவிட்டேன்; எங்கும் இடறவில்லை என்று நினைக்கிறேன். அந்த இடங்களில் "மின்கசிவு" போட்டுப் பாருங்கள். மெயின் அணைந்து கிடக்கும்போது எங்கிருந்து கசிவது?

> "காப்பு முறிவு" இன்னும் வலுவாக இருக்குமே?

முறிவை வேறு இடத்துக்கு ஒதுக்கி வைப்போம். மின்னழுத்தம் தாங்காமல் காப்பு துளைத்துக்கொண்டு போவது முறிவு. அதற்கு மீட்சி பெரும்பாலும் இல்லை. நலிவு அப்படியல்ல. கீசர் ஹீட்டிங் எலிமென்ட் உள்ளே மக்னீசியம் ஆக்சைடு பொடி இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். பல மாதம் சும்மா கிடந்த கீசரில் அளவு இறங்கியிருக்கும், ஈரத்தை உலர்த்தினால் பலவற்றில் மறுபடி ஏறிவிடும். நனைந்த ஜங்ஷன் பாக்ஸும் அப்படித்தான். நோயாளியைச் சொல்வது போலவே "நேற்று 0.3 இருந்தது, இன்று 20-க்குத் தேறிவிட்டது" என்று எழுத முடிகிறது. "நலிவு" என்றதும் "தேறு" என்ற வினை கூடவே வந்துவிடுவது எனக்குப் பெரிய இலாபம். முறிந்தது தேறாது.

ஆக நலிவு, முறிவு, கசிவு என மூன்று. இயைபு தானாக அமைந்துவிட்டது, நான் பொறுப்பல்ல.

ஈழத்து நண்பர்கள் மின்காப்பைக் "காவலி" என்றே படித்திருக்கிறார்கள். அவர்களுக்கு "காவலித்தடை", "காவலி நலிவு" என்று இணைப்பதிவு வைக்கலாம். பின்பாதி பொதுவாக நின்றால் போதும்.

கருவிக்குப் பாடநூலில் "காப்புத்தடைமானி" இருக்கட்டும். ஆனால் "மெக்கர்" என்ற சொல்லை யாரும் விரட்ட வேண்டாம். எவர்ஷெட் அண்ட் விக்னோல்ஸ் நிறுவனம் இங்கிலாந்தில் 1903-இல் வணிகப்பெயராகப் பதிந்தது அது. நூறாண்டுக்கு மேலாகியும் கடைக்காரர், மேஸ்திரி, பொறியாளர் மூவருக்கும் ஒரே சொல்லாக இருப்பது அது ஒன்றுதான். பதிவில் "மெக்கர் (வழக்கு)" என்று அடுத்த வரியிலேயே கொடுத்துவிடலாம்.

அகராதிக்கான வரைவு: "காப்பு நலிவு – ஈரம், வெப்பம், முதுமை, சிராய்ப்பு முதலியவற்றால் மின்காப்புத்தடை ஏற்கத்தக்க எல்லைக்குக் கீழே இறங்கிய நிலை, மின்னோட்டம் ஓடாதபோதும் இருப்பது." கடைசித் துண்டை நீக்கலாம் என்று யாருக்காவது தோன்றினால் காரணத்தோடு எழுதுங்கள். நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன்.