செண்டுமல்லி வச்சா நத்தை வராதுன்னாங்க, அதையே மொட்டையடிச்சிருச்சு

நாஞ்சில்தோட்டம்:
நாகர்கோவில் பக்கம் வீடு, பின்னாடி ரெண்டு சென்ட்ல கத்தரி, வெண்டை, அவரை, கொஞ்சம் கீரை போட்டிருக்கேன். ஐப்பசி மழை ஆரம்பிச்சதுல இருந்து உள்ளங்கை அளவு நத்தை ராத்திரி படையா வருது. பூச்சி அண்டாதுன்னு யாரோ சொன்னதக் கேட்டு சுத்தி செண்டுமல்லி நட்டேன், காலைல பாத்தா குச்சி மட்டும் நிக்குது. பப்பாளிக் கன்னு ரெண்டும் காலி. ஆனா பக்கத்துலயே இருக்க கற்பூரவல்லிய தொடவே இல்ல. எதைத் தின்னும், எதை விடும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி மாத்தி நடலாம்னு இருக்கேன். உப்பு தூவலாமா?

வாழைக்காரன்:
அண்ணாச்சி, செண்டுமல்லி நடறது, மத்த செடிங்க வேரைத் தாக்கற நூற்புழுவ விரட்டத்தான். நத்தைக்கு அது பிரியாணி. நீங்க சொல்றது ஆப்பிரிக்க ராட்சத நத்தை, நம்ம ஊர்க்காரனே இல்ல, 1847ல ஒரு வெள்ளைக்காரர் மொரிஷியஸ்ல இருந்து கொண்டாந்து கல்கத்தால ஒரு தோட்டத்துல விட்டதோட வம்சம். ஆண் பெண்ணுன்னு தனியா கிடையாது, எல்லாமே முட்டை போடும், ஒரு தடவைக்கே நூறு தாண்டும்.

பப்பாளி, முட்டைகோஸ், அவரை, வெள்ளரி, பூசணி நாத்து எல்லாம் அதுக்கு இஷ்டம். வாழைல சின்னக் கன்னாப் பாத்துதான் வாய் வைக்கும். கத்தரியும் தண்டு முத்துற வரைக்கும்தான் பயம், அப்புறம் தப்பிச்சிரும். வாசனை தூக்கலா இருக்கறது, சொரசொரன்னு நார் நாரா இருக்கறது, அதாவது கற்பூரவல்லி, எலுமிச்சைப்புல், ரோஸ்மேரி, இதையெல்லாம் பெரும்பாலும் ஒதுக்கிரும். திருநீற்றுப்பச்சிலைக்கும் வாசனைதானேன்னு நம்பி நட்டேன், ஒரே ராத்திரில சல்லடை.

ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, பிடிக்காத செடிய சுத்தி நட்டா அது வேலி ஆகாது, நத்தை பாட்டுக்கு அதத் தாண்டிப் போயி அவரைல ஏறும்.

மாடிவீட்டுஅக்கா:
உப்ப மண்ணுல போட்டுறாதீங்க தம்பி, செடிதான் முதல்ல சாகும். நனைஞ்ச சாக்க விரிச்சு அடில பப்பாளி இலை, கோஸ் இலை போட்டு வைங்க, காலைல வெயில் வர்றதுக்குள்ள தூக்கிப் பாத்தா மொத்தமா ஒட்டிக்கிட்டிருக்கும். உப்புக்கரைசல் பக்கெட்டுல போட்டு அப்புறம் குழி தோண்டிப் புதைச்சிருங்க. வெறுங்கையால எடுக்காதீங்க, மூளைக்காய்ச்சல் வரவைக்கற ஒரு புழு அதுல இருக்கலாம், கீரையையும் நல்லா அலசி வேகவச்சே சாப்பிடுங்க. எங்க வீட்டுல சுவத்து சுண்ணாம்பையும் சொரண்டித் தின்னுச்சு, ஓட்டுக்கு கால்சியம் வேணுமாம்!

கரிசல்காடு:
முட்டை ஓடு தூவிப் பாத்தேன், அது மேலயே ஊர்ந்து போச்சு. மெட்டால்டிஹைட்னு நத்தையக் கொல்ற விஷக் குருணை இருக்கு, அது கேக்கும், ஆனா வீட்டுல நாய் இருந்தா வேண்டாம், தின்னா வலிப்பு வந்து செத்துரும்.

நாஞ்சில்தோட்டம்:
நாய் இருக்கு, அதனால அக்கா சொன்ன சாக்குதான். மூணு ராத்திரில முக்கா பக்கெட் வந்துருச்சு. மிச்சமிருந்த செண்டுமல்லியப் பிடுங்கி சாக்குப் பக்கத்துலயே நட்டுட்டேன், வர்றவன் அங்கயே வரட்டும். ரொம்ப நன்றி அண்ணாச்சி, அக்கா. அவரைல புதுத்துளிர் வந்திருக்கு, இன்னிக்கும் மழை இருக்குங்கறான், டார்ச்ச எடுத்துட்டுப் போறேன்.