மாதாவும் சூசையப்பரும் வெளிக்கிட்ட இரவு

கிறிஸ்து பிறப்பின் செய்தி முதலில் சென்று சேர்ந்தது அரண்மனைக்கு அல்ல, வயல்வெளியில் கிடைக்குக் காவல் காத்த இடையர்களுக்குத்தான் என்று லூக்கா எழுதுகிறார். மத்தேயுவிலோ, கீழ்த்திசையிலிருந்து வந்த பிற இனத்து ஞானிகள் குழந்தையை வணங்குகிறார்கள். மறையுரைகளில் பலமுறை கேட்ட இந்தச் செய்தி ஒரு மனித வாழ்வுக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கக்கூடும் என்பதை, மதுரைக்கு அருகிலுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில்தான் நான் கண்டேன்.

டிசம்பர் 28, குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடிய ஏரோது மன்னன் கொன்ற பெத்லகேம் குழந்தைகளை நினைவுகூரும் மாசில்லாக் குழந்தைகள் விழாவன்று, அன்பியத்தினரோடு (பங்கின் சிறு செபக் குழுவினரோடு) அங்கே செபிக்கச் சென்றிருந்தேன். மன்னார்ப் பகுதியின் பேசாலையிலிருந்து 1990-இல் போருக்குத் தப்பிப் படகில் இராமேசுவரம் வந்து சேர்ந்த ஒரு தாயாரின் வீடு அது. பழைய அட்டைப் பெட்டியில் வைக்கோல் பரப்பி அவர் அமைத்திருந்த கிறிஸ்துமஸ் குடிலில் ஆடுமாடுகளும் இடையர்களும் அப்படியே இருக்க, மாதா, சூசையப்பர், பாலன் இயேசு சுரூபங்களை மட்டும் எடுத்து, ஜன்னல் திண்டில் வெளிப்பக்கம் பார்த்தபடி வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன்.

“பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரவோட இரவா வெளிக்கிட்டவை, தம்பி. ஏரோது தேடுறான் தானே. எங்கட மூத்தவன் அப்ப கைக்குழந்தை. அழுதா சத்தம் கேக்கும் எண்டு படகில அவன்ர வாயைப் பொத்திக்கொண்டே வந்தனான்.”

பெரும்பாலான ஆலயக் குடில்களில் மூன்று அரசர்கள் என்று நாம் அழைக்கும் அந்த ஞானிகள் மண்டியிடுவதோடு கதை நின்றுவிடுகிறது. நற்செய்தியில் அது நிற்பதில்லை. மத்தேயுவின் அதே இரண்டாம் அதிகாரத்தில், ஞானிகள் திரும்பிச் சென்றதுமே, யோசேப்பு, அதாவது சூசையப்பர், குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்கு ஓடுகிறார். நாடு விட்டு ஓடிய அந்தத் திருக்குடும்பமே எல்லா அகதிக் குடும்பங்களுக்கும் முன்மாதிரி என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1952-இல் ஓர் ஆவணத்தின் தொடக்கத்திலேயே எழுதினார். கடவுள் வெளியே நிற்பவர்கள்மீது இரக்கம் கொண்டார் என்று சொல்வது போதாது, அவரே வெளியே துரத்தப்பட்டவராக நம்மிடையே வாழ்ந்தார் என்பதுதான் கிறிஸ்துமஸின் பொருள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தத் தாயார் சொன்ன இன்னொன்று என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. ஏரோது இறந்தபின் அவர்கள் திரும்பினார்களே என்று ஆறுதலாக நான் சொன்னபோது, “திரும்பினவைதான், ஆனா பெத்லகேமுக்கு இல்லை, நாசரேத்துக்கு” என்று உடனே திருத்தினார். பெத்லகேம் இருந்த யூதேயாவில் ஏரோதின் மகன் அர்க்கெலா ஆட்சிக்கு வந்திருந்ததால் யோசேப்பு அங்கே போக அஞ்சி, நாசரேத்து இருந்த கலிலேயாவுக்குச் சென்றார் என்பதை நானும் படித்தவன்தான். ஆனால் பேசாலையில் திரும்பிப் போக வீடு ஏதும் மிஞ்சாத ஒருவருக்கு அந்த வசனம் என்ன தருகிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். விட்டுவந்த இடமே மீண்டும் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பிள்ளை வளர்வதற்கு ஓர் ஊரைக் கடவுள் காட்டுவார் என்பதே அவருடைய நம்பிக்கை.

இந்த மண்ணிலேயே பிறந்தும் குடியுரிமை இல்லாத அவருடைய பேரன்தான் அன்று செபக்கூட்டத்தில் மத்தேயு இரண்டாம் அதிகாரத்தை வாசித்தான். பாட்டி கேட்டுக்கொண்டபடி, நாசரேத்து வரும் கடைசி வசனம் வரைக்கும் வாசித்தான்.