கூச்சத்தைக் கடந்து கொலோனோஸ்கோபி வரை: சில அனுபவங்கள்

கும்பகோணம், பள்ளி ஆசிரியை, வயது 46

என் அண்ணனுக்குச் சென்ற ஆண்டு பெருங்குடல் புற்றுநோய் என்று உறுதியானபோது அவருக்கு வயது 52. மலத்தில் இரத்தம் கலந்து வந்ததை அவர் வெகுநாள் மூலம் என்றே நம்பியிருந்தார். பேருந்து நிலையச் சுவர் முதல் மின்கம்பம் வரை ‘மூலம், பௌத்திரம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்தே வளர்ந்த ஊரில், உடல் சூடு என்று சொல்லித் துத்திக்கீரையும் கருணைக்கிழங்கும் சமைத்துப்போடும் வீடுகளில், ஒரு மனிதர் வேறெதை நினைப்பார்? இரத்தச்சோகை முற்றி, மாடிப்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான், கேமரா பொருத்திய மெல்லிய குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கு அவர் அனுப்பப்பட்டார். அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முடிந்து இப்போது தேறி வருகிறார்.

அறுவை சிகிச்சைக்குப் பின் மருத்துவர் என்னையும் தம்பியையும் அழைத்துப் பேசினார். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் வந்திருந்தால், மற்றவர்கள் 40 வயதிலோ, நோயாளிக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்தாண்டுகள் முன்னதாகவோ, எது முதலில் வருகிறதோ அப்போதே குடலைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றார். எங்கள் இருவருக்குமே அந்த வயது கடந்திருந்தது.

எனக்கு இருந்தது வலி குறித்த அச்சமன்று, கூச்சம். இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு இதில் என்ன கூச்சம் என்று என் நாத்தனார் கேட்டார். பிரசவத்துக்குப் போகும் பெண்ணை உறவெல்லாம் கூடி அனுப்பிவைக்கிறது, போய்வந்த கதையைப் பல்லாண்டுகள் பேசுகிறது. ஆசனவாய் வழியாகச் செய்யும் பரிசோதனையைப் பற்றியோ வீட்டுக்குள்கூட யாரும் வாய் திறப்பதில்லை. அந்த மௌனம்தான் என்னைத் தடுத்தது. அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தியாளர் கேட்டி கூரிக், தம் கணவர் 1998இல் 42 வயதில் பெருங்குடல் புற்றுநோயால் இறந்த பின், 2000ஆம் ஆண்டில் தமக்குச் செய்யப்பட்ட கொலோனோஸ்கோபியை நேயர்கள் எல்லாரும் பார்க்கும்படி ஒளிபரப்பச் செய்தார் என்று அந்நாட்களில் படித்தேன். அதைத் தொடர்ந்து அங்கே இப்பரிசோதனைக்கு வருவோரின் எண்ணிக்கை கூடியதாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒருவர் வெளிப்படையாகப் பேசியதற்கே இவ்வளவு பலன் இருக்குமானால், நானும் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

முன்பதிவு செய்யப்போன அன்று செவிலியரிடம் என் ஐயங்களை எல்லாம் கேட்டேன். அவர் சற்றும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். பின்புறம் மட்டும் திறப்புள்ள கால்சட்டை ஒன்றைத் தருவார்கள், அதன்மேல் போர்வையும் போர்த்திவிடுவார்கள், பெண் செவிலியர் ஒருவர் கடைசிவரை உடனிருப்பார், பெண் மருத்துவர்தான் வேண்டுமென்றால் அவர் பணியில் இருக்கும் நாளாகப் பார்த்துத் தருவார்கள். தயங்கிக்கொண்டிருக்கும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: இவற்றை முன்கூட்டியே கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

தம்பியின் தயக்கம் வேறு வகையானது. “எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே அக்கா, நல்லா இருக்கிறவன் எதுக்குப் போகணும்?” என்பது அவன் வாதம். பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பாலானவை பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சியாகத்தான் தொடங்குகின்றன. அது புற்றாக மாறப் பொதுவாகப் பத்தாண்டுகள் அளவுக்குக்கூட ஆகும். அக்காலம் முழுவதும் வலியோ வேறு அறிகுறியோ இல்லாமல் இருக்கலாம். கண்ணில் பட்ட பாலிப்பை அதே பரிசோதனையின்போதே கம்பிச் சுருக்கால் அகற்றிவிட முடியும் என்பதால், கொலோனோஸ்கோபி நோயைக் கண்டறிவதோடு நில்லாமல் அது வராமலே தடுக்கவும் செய்கிறது. ஆகவே ஒன்றும் இல்லாதபோது போவதில்தான் பயன் அதிகம் என்று நான் எவ்வளவு விளக்கியும் அவன் அசையவில்லை. கடைசியில் அண்ணனே தொலைபேசியில் அழைத்து, “ஆறு மாசம் மருந்து ஏத்திக்கிட்டவன் சொல்றேன்டா, உனக்கு இது ஒரு ராத்திரிதான்” என்றார். மறுநாளே தம்பி நாள் குறித்துக்கொண்டான்.

அந்த இரவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் பரிசோதனையைவிட இதற்குத்தான் அஞ்சுகிறார்கள். சில நாள் முன்பிருந்தே கீரை, சிறுதானியம், தக்காளி, கொய்யா போன்ற நார் மிகுந்தவற்றையும் விதையுள்ளவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். வெள்ளைச் சோறும் தயிரும் இட்லியும் போதுமானதாக இருந்தன. முந்தைய நாள் இளநீர், பாலில்லாத தேநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு ஆகியவை மட்டுமே. சிவப்பு, ஊதா நிறப் பானங்கள் குடலில் இரத்தம்போலத் தோன்றும் என்பதால் அவை கூடாது. இரும்புச்சத்து மாத்திரையையும் சில நாள் முன்பே நிறுத்தியிருந்தேன். இரண்டு லிட்டர் நீரில் கரைத்த பேதி மருந்தில் பாதியை மாலையிலும் மீதியை விடியற்காலையிலும் குடிக்க வேண்டியிருந்தது. அந்த உப்புக்கரிப்பு குமட்டத்தான் செய்கிறது. குளிரவைத்து, உறிஞ்சுகுழலால், கால் மணிக்கு ஒரு தம்ளர் என்று குடித்தால் இறங்கிவிடும். பள்ளி விடுமுறையில் எங்களுக்கெல்லாம் விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக வைத்த அம்மா, இதற்கா இத்தனை அச்சம் என்று கேட்டுவிட்டு அன்றிரவு என்னோடு விழித்திருந்தார். கடைசியில் மலம் இளமஞ்சள் நிற நீராகப் போக வேண்டும். குடல் தூய்மையாகாவிட்டால் சிறு பாலிப்புகள் கண்ணில் படாமல் போய்விடும் என்பதால் இதில் மட்டும் குறை வைக்கக் கூடாது.

பரிசோதனையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இடப்பக்கமாகப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, இரத்த நாளத்தில் மயக்க மருந்து செலுத்தினார்கள். கண் விழித்தபோது வயிற்றில் காற்று நிறைந்த உணர்வு மட்டுமே இருந்தது; அதுவும் மாலைக்குள் போய்விட்டது. எனக்கு ஒரு சிறிய பாலிப் இருந்தது, அகற்றிவிட்டார்கள். அது பிற்காலத்தில் புற்றாக மாறக்கூடிய வகையைச் சேர்ந்தது என்று பயாப்ஸி எனப்படும் திசுப் பரிசோதனையின் அறிக்கை கூறியது. தம்பிக்கு எதுவும் இல்லை. ஐந்தாண்டு கழித்து வரச் சொன்னார்கள்.

சென்னை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், வயது 67

ஆசிரியை எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இதயத்தில் ஸ்டென்ட் பொருத்தப்பட்ட, நீரிழிவும் உள்ள என்னைப் போன்றோரின் தயக்கம் மயக்க மருந்தைப் பற்றியது. நான் அதை மனத்துக்குள் வைத்துக்கொள்ளாமல் இதய மருத்துவரிடமே கேட்டேன். அவரும் குடல் மருத்துவரும் கலந்து பேசி, இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை எப்போது நிறுத்தலாம், எப்போது மீண்டும் தொடங்கலாம், உண்ணாதிருக்கும் நாளில் இன்சுலினை எவ்வளவு குறைக்கலாம் என்று எழுதியே கொடுத்தார்கள். இவற்றை நாமாக நிறுத்துவது மிகவும் ஆபத்தானது.

எனக்கு ஆழ்ந்த மயக்கம் தராமல் லேசான தூக்க மருந்து மட்டுமே கொடுத்தார்கள். குழாய் குடலின் வளைவுகளில் திரும்பும்போது வயிறு இழுத்துப் பிடித்தது உண்மை. பல்லைக் கடித்துக்கொள்ளும் அளவுக்கு இல்லை. திரையில் என் குடலின் இளஞ்சிவப்பு உட்சுவரை நானே பார்த்தேன். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன், குடலில் துளை விழும் ஆபத்து ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது என்றும், பாலிப் அகற்றினால் சில நாள் கழித்தும் இரத்தம் கசியக்கூடும் என்றும் மருத்துவர் மறைக்காமல் சொன்னார். என் அச்சம் தணிந்தது அந்த நேர்மையான பேச்சினால்தான்; “ஒண்ணும் ஆகாது சார்” என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் எழுந்து வந்திருப்பேன்.

சிங்கப்பூர், இல்லத்தரசி

இங்கே 50 வயதைக் கடந்த குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் உண்டா என்று வீட்டிலேயே மாதிரி எடுத்துப் பார்க்கும் சாதனத்தைச் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் இலவசமாகத் தருகிறது. என் கணவர் அதைத் தயங்காமல் செய்தார். இரத்தம் உண்டு என்று முடிவு வந்ததும், கொலோனோஸ்கோபிக்கு மாட்டேன், அதே சோதனையை மறுபடி செய்து பார்க்கிறேன் என்றார். தாதி பொறுமையாக விளக்கினார்: பாலிப்பும் புற்றும் நாள்தோறும் கசிவதில்லை, இரண்டாம் முறை இரத்தம் தென்படாவிட்டாலும் முதல் முடிவுக்கு அது விடையாகாது, குடலை நேரில் பார்த்தால்தான் காரணம் தெரியும், இரத்தம் தெரிந்தவர்களில் பலருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை.

அந்தக் கடைசிச் சொல்லைப் பற்றிக்கொண்டுதான் அவர் போனார். உள்மூலம் தவிர வேறெதுவும் இல்லை என்று அறிக்கை வந்தது. அன்று பகல் வீட்டுக்கு வந்ததும் ரசஞ்சோறு கேட்டுச் சாப்பிட்டார். அடுத்து, 55 வயதாகும் தம் மூத்த சகோதரியிடம் தாமே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.